கொழிஞ்சாம்பாறை மாடி இங்கிலீஷ் வகுப்பு: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்புக்கான தாள்கள் எல்லாம் என் கடையில்தான் நகலாகின்றன. என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். அதனால் நல்லதாகத்தான் எழுதுவேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பொழப்பு என்று பார்த்தால் எனக்கு லாபம் கைடு நகலில்தான். பரீட்சை நெருங்கினால் டியூஷன் சென்டர்காரர்கள் ஒரே கைடைக் கட்டுக்கட்டாகப் போடச் சொல்லி வருவார்கள். பேக் டு பேக், ஸ்பைரல் பைண்டிங், உடனே காசு. மாடி வகுப்பு மாஷ் (வாத்தியாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் தாள்தான் எடுப்பார். அதற்கும் சில்லறை பாக்கி வைப்பார்.

வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வேலந்தாவளம் ரோட்டில் போய் "மாஷ் மாடி" என்று கேட்டால் ஆட்டோக்காரர் இறக்கிவிடுவார். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம். ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இலக்கண வகுப்பும் இல்லை. இங்கிலீஷில் ஒரு சிறுகதையைப் படிப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு தாங்களே எழுதுவார்கள். அவ்வளவுதான் வகுப்பு. நடத்துபவர் சர்க்கார் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. கொழிஞ்சாம்பாறை இருக்கிற எங்கள் சித்தூர் தாலூக்கா (பாலக்காடு மாவட்டம்) பழைய கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 முதல் கேரளம். கல்யாணப் பத்திரிகை தமிழில், பஞ்சாயத்து நோட்டீஸ் மலையாளத்தில். தமிழ் மீடியம் பள்ளிகள் இங்கே உண்டு. அந்தப் பிள்ளைகளும் மலையாள மீடியம் பிள்ளைகளும் இந்த மாடியில் ஒரே பாயில் உட்காருகிறார்கள். வீட்டில் ஒரு பாஷை, கடைத்தெருவில் இன்னொன்று. இங்கிலீஷ் பரீட்சை ஹாலில் மட்டும்தான்.

அந்தப் பரீட்சையைப் பற்றிச் சொல்லாமல் இந்த வகுப்பு ஏன் வேண்டும் என்று விளங்காது. கேரள எஸ்எஸ்எல்சியில் இங்கிலீஷ் எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், மீதி 20 பள்ளியிலேயே போடுவது. தாளைக் கொடுத்ததும் 15 நிமிஷம் கூல் ஆஃப் டைம், எழுதக் கூடாது, படிக்க மட்டும். கேள்விகள் மனப்பாடத்துக்கு வைத்தவை அல்ல. இந்தக் கதாபாத்திரம் அன்று இரவு எழுதிய டைரி என்ன, அவன் நண்பனுக்குப் போட்ட கடிதம் என்ன, இருவருக்கும் நடந்த உரையாடல் என்ன என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் பிள்ளைகள் சொந்தமாக எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் என் மெஷினில் ஓடும் கைடுகளில் அந்த டைரியும் ரெடிமேடாக வந்துவிடுகிறது. எல்லா டைரியும் ஒரே மாதிரி தொடங்கும்: "டுடே வாஸ் அன் அன்ஃபர்கெட்டபிள் டே." பழைய பாடத்தில் வந்த, கையில் பாம்பு சுற்றிய டாக்டருக்கும் அன்ஃபர்கெட்டபிள் டே, அண்ணன் கையால் தன் செருப்பு தொலைந்துபோன தங்கச்சிக்கும் அன்ஃபர்கெட்டபிள் டே. டோனர் தீரும் வரை அந்த ஒரே நாள் என் கடையில் வந்துகொண்டே இருக்கும்.

மாடியிலிருந்து கீழே வரும் தாள்கள் அப்படி இல்லை. மாதக் கடைசியில் பிள்ளைகள் எழுதியதையெல்லாம் டைப் செய்து, மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்துச் சின்னப் புத்தகமாக்கித் தருவது என் வேலை. அதனால் ஒவ்வொரு பிள்ளை எழுதியதையும் நான் படித்தே ஆக வேண்டும். ஒரு தாள் மாதிரி இன்னொரு தாள் இல்லை. இந்த வகுப்புக்கு நான் கொடுக்கும் பெரிய சான்றிதழ் அதுதான். இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு அதன் அருமை தெரியும்.

எப்படி நடத்துகிறார் என்று சொல்கிறேன். என் மகள் சேர்ந்த புதிதில் எடுத்த கதை ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் "வான்கா". ஒன்பது வயதுப் பையன், மாஸ்கோவில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வேலைக்கு விடப்பட்டவன், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஊரில் இருக்கும் தாத்தாவுக்குத் திருட்டுத்தனமாகக் கடிதம் எழுதுகிறான். அடிக்கிறார்கள், சாப்பாடு போதவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போ என்று. 1886இல் வந்த கதை. மாஷ் முழுக் கதையையும் தரமாட்டார். பையன் உறையை எடுத்து முகவரி எழுதப் போகும் இடத்தில் தாளைக் கிழித்திருப்பார். உறையின் மேல் என்ன எழுதினான்? பிள்ளைகள் எழுத வேண்டும். அதுவும் ஆறு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. இங்கிலீஷ் வராத பிள்ளை முதலில் தமிழிலோ மலையாளத்திலோ வாயால் சொல்லலாம். பக்கத்தில் இருப்பவன் இங்கிலீஷுக்குக் கொண்டுவர உதவுவான். "அண்ட் தென்" என்று ஒரு தாளில் ஒரு தடவைதான் வரலாம். "வெரி" வரவே கூடாது.

அடுத்த சனிக்கிழமை மீதித் தாள் வரும். வான்கா எழுதியது "கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு" என்று. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுத் தாத்தாவின் பெயரைச் சேர்க்கிறான். ஊர்ப் பெயர் கிடையாது. அதைப் படித்ததும் மேலே ஒரே கூச்சலாம். "பின்கோடு போடலியே மாஷே!" என்று ஒருத்தன். இந்தியாவுக்கே பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது, அந்தப் பையனுக்கு எங்கேயிருந்து வரும் என்று மாஷ் சொன்னாராம். பிறகு அந்தக் கடிதத்துக்கு என்ன ஆகும் என்று மூன்றாவது வாரம் எழுதச் சொன்னார். கதை அதைச் சொல்வதில்லை. பையன் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கிப்போகிறான்.

ஒரு பெண் குழந்தை தபால்காரரைக் கதாநாயகனாக்கி, ரஷ்யாவில் அந்தப் பெயருள்ள ஒவ்வொரு தாத்தா வீட்டுக் கதவையும் தட்டவைத்தாள். அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிற பையன் ஒருத்தன் தாத்தாவின் பதிலையே எழுதினான். அதில் ஒரு வரி: "மை கிராண்ட்ஃபாதர் ஹேவ் நோ டோர் நம்பர். எவ்ரிபடி நோ ஹிம்." டைப் செய்யும்போது என் கை தானாக "ஹேவ்" என்பதை "ஹேஸ்" ஆக்கப் போனது. மாஷ் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "வேண்டாம் அம்மிணி, இது முதல் தாள்தானே. அவன் அடுத்த தடவை அவனே திருத்தட்டும்" என்றார். அப்புறம், "இந்த வரியை நான் எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் எந்தப் பையனும் எழுதினதில்லை" என்றார்.

அவர் திருத்தும் முறை இப்படி: எழுதியதையே மூன்று தடவை எழுத வைப்பார். முதல் தாளில் சிவப்பு மை கிடையாது, ஓரத்தில் கேள்விகள் மட்டும்: எந்தக் கடை, அங்கே என்ன வாசனை, அவள் என்ன சொன்னாள்? இரண்டாம் தாளில் காலம் மட்டும் பார்ப்பார், நடந்ததா நடக்கிறதா என்று. மூன்றாம் தாளில்தான் மற்ற பிழைகள். எல்லாவற்றையும் ஒரே தாளில் குத்திக் கிழித்தால் பிள்ளை அடுத்த தடவை தெரிந்த நாலு சொல்லை வைத்தே எழுதிவிட்டுப் போய்விடும் என்பது அவர் கணக்கு. என் மகள் விஷயத்தில் அது சரி என்று ஒத்துக்கொள்கிறேன். பள்ளி நோட்டில் அவள் எழுதுகிற வாக்கியங்கள் பிழையே இல்லாமல் இருக்கும், படிக்க ஒன்றுமே இருக்காது. மாடியில் எழுதிய ஒரு தாளில், எங்கம்மாவுக்கு ஊரில் எல்லாருடைய ஆதார் போட்டோவும் தெரியும், ஆனால் ஒருத்தரும் அந்த போட்டோ மாதிரி இருக்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தாள். மூன்று பிழை. கல்லாவில் உட்கார்ந்தபடியே சிரித்தேன்.

ரொம்பச் சிரிக்க வைத்தது மலையாள எழுத்தாளர் பஷீரின் கதை எடுத்த மாதம்தான். "பாம்பும் கண்ணாடியும்" கதை பழைய பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்தில் இருந்தது. கரண்ட் இல்லாத வாடகை அறையில் ஒரு ஹோமியோ டாக்டர் கண்ணாடியில் தன் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூரையிலிருந்து பாம்பு விழுந்து அவர் கையைச் சுற்றிக்கொள்கிறது. அப்புறம் அதுவே கண்ணாடியைப் பார்க்கப் போய்விடுகிறது. டாக்டர் தப்பித்து ஓடுகிறார். மறுநாள் வந்து பார்த்தால் திருடன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான், அழுக்கு பனியனை மட்டும் விட்டுவிட்டு. பாம்பின் பக்கத்திலிருந்து கதையைச் சொல்லுங்கள் என்று மாஷ் கேட்டார். பாதிப் பேர் திருடன் பக்கம் போய்விட்டார்கள். அந்த பனியனை அவன் ஏன் விட்டான் என்பதற்கு ஆளுக்கொரு காரணம். திருடனுக்கு அந்த டாக்டர்தான் முன்பு வைத்தியம் பார்த்தார், அதனால் பாவம் பார்த்தான் என்று ஒன்று. எடுத்து முகர்ந்து பார்த்து மயங்கி விழுந்தான் என்று இன்னொன்று. மலையாளத்தில் எழுதிய கதை, இங்கிலீஷில் படித்து, தமிழில் சண்டை போட்டு, மறுபடி இங்கிலீஷில் எழுதி எனக்கு வந்தது. அந்த மாதப் புத்தகத்தைக் கூடுதலாகப் போட்டு ஒரு கட்டு கடையிலேயே வைத்திருந்தேன், ஆதார் நகலெடுக்க வந்தவர்கள் படித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பஷீர் கதையை மட்டும் மாஷ் நகலெடுக்கவில்லை. இங்கே என் தொழில் சம்பந்தமாகக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்ற நகல் கடைமேல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்று பதிப்பகங்களும் சேர்ந்து 2012இல் வழக்குப் போட்டன, மாணவர்களுக்குப் பாடத் தொகுப்பு நகலெடுத்துக் கொடுத்ததற்காக. 2016இல் உயர் நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகச் சொன்னது, 2017இல் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கின. ஆனால் அது பல்கலைக்கழகம். மாடி டியூஷனுக்கு அதே நியாயம் செல்லுமா என்று வக்கீல் வைத்து வாதாட என்னிடம் காசில்லை. மாஷுக்கும் அந்தப் பயம் உண்டு. அனுமதி கேட்காமல் நகலெடுக்க, எழுதியவர் இறந்து 60 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், மொழிபெயர்த்தவரும் அப்படியே. வான்காவை இங்கிலீஷாக்கிய கான்ஸ்டன்ஸ் கார்னெட் இறந்தது 1946இல், ஆகவே தாராளமாக நகலெடுக்கலாம். பஷீர் மறைந்தது 1994இல். அதனால் பழைய பாடப்புத்தகங்களைப் பாஸான பிள்ளைகளிடமிருந்து வாங்கி மாஷ் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கு ஒரு புத்தகம். எனக்கு அந்த மாதம் நகல் வரும்படி இல்லை, ஆனாலும் மனுஷர்மேல் மரியாதை கூடியது.

இந்த 60 வருஷக் கணக்கிலிருந்துதான் வகுப்பின் முதல் குறையும் வருகிறது. கதை எழுதியவர்கள் எல்லாம் செத்துப்போன ஆண்கள். பஷீரை விட்டால் ரஷ்யா, லண்டன், நியூயார்க். பனி பெய்யாத கதை அபூர்வம். உயிரோடு இருக்கிற பெண் எழுத்தாளர் ஒருவரிடம் கடிதம் போட்டு அனுமதி கேட்டால் கொடுக்கமாட்டார்களா? நான் கேட்டேன். "கேக்கலாம், கேக்கலாம்" என்கிறார். இன்னும் கேட்கவில்லை. பிள்ளைகள் என்னவோ சமாளித்துக்கொள்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்தாளர் சாகியின் "திறந்த ஜன்னல்" கதையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, வேட்டைக்குப் போய்ச் சதுப்பில் மாண்டவர்கள் என்று பொய்க்கதை கட்டி விருந்தாளியை ஓடவைப்பாள். எங்கள் பிள்ளைகள் சதுப்பையும் வேட்டையையும் தூக்கிப் போட்டுவிட்டு மாமன்கள் இங்கே மூலத்தரை அணைப் பக்கம் மீன் பிடிக்கப் போன கதையாக்கிவிட்டார்கள். ஓடிப்போகிற விருந்தாளி பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையாகிவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளே ஊரை இழுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது, கதையில் அது இல்லை.

இரண்டாவது குறை பெரியது. மூன்று தாள் முறை என்று சொன்னேன் அல்லவா, மூன்றாவது தாள் பல மாதங்களில் நடப்பதே இல்லை. ஓணம் வரும், பொங்கல் வரும், பள்ளி விளையாட்டு விழா வரும், மாதம் முடிந்துவிடும், அடுத்த கதைக்குப் போய்விடுவார். அதனால் இரண்டாம் தாளோடு நின்ற பிழைகள் நின்றபடியே அச்சாகின்றன. "ஏ", "தி" எங்கே போடுவது என்பது என் மகளுக்கு இன்னும் குத்துமதிப்புதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரவாயில்லை. பத்தாம் வகுப்புக்காரர்களின் அம்மாக்கள் கடையில் வந்து என்னிடம் புலம்புகிறார்கள், நான்தான் நடத்துகிறேன் என்கிற மாதிரி. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாதம் முடிந்தாலும் பரவாயில்லை, ஒரு கதையை மூன்றாம் தாள் வரை கொண்டுபோய் முடிக்கட்டும்.

இன்னொன்று. எழுதியதைக் கட்டாயம் எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்கிறார். சில பிள்ளைகளுக்கு அது சோலி முடிந்த மாதிரி. நன்றாக எழுதுகிற ஒரு பெண் அதனாலேயே வருவதை நிறுத்திவிட்டாள். அவள் தாள்களை நான் படித்திருக்கிறேன், அவ்வளவு நயம். பக்கத்தில் இருப்பவர் வாசித்தால் என்ன குறைந்துவிடும்?

மதிப்பெண் கூடுமா என்று கேட்பீர்கள். என் மகளுக்குப் பெரிதாகக் கூடவில்லை, குறையவும் இல்லை. மாறியது வேறு. முன்பெல்லாம் கேள்வித்தாளில் டைரி என்று பார்த்தால் கைடில் எது என்று தேடுவாள். இப்போது கூல் ஆஃப் நேரத்தில் யார் எழுதுகிற டைரி, அன்று அவன் என்ன சாப்பிட்டான் என்று யோசிக்கிறேன் என்கிறாள். பக்கம் நிரப்ப அவளுக்கு இப்போது பயமில்லை. திருத்துகிற டீச்சருக்குக் கட்டுக் கட்டாக அன்ஃபர்கெட்டபிள் டே படித்த பிறகு இது எப்படி இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் மாதம் 500 ரூபாய், புத்தகத்துக்குத் தனியாக 30. அண்ணன் தம்பி சேர்ந்து வந்தால் ஒருவருக்குப் பாதி. முடியாதவர்களிடம் கேட்பதில்லை. கைடு, நோட்ஸ், மாதிரி வினாத்தாள் எதுவும் தரமாட்டார், கேட்டால் முகம் சுளிப்பார். முழு மதிப்பெண்ணுக்கு மட்டும் துடிக்கிற வீடு என்றால் வேறு இடம் பாருங்கள், அந்த இடங்களுக்கும் நகல் என்னிடம்தான் எடுக்கிறார்கள். இங்கிலீஷைப் பார்த்தாலே பேனாவை மூடி வைக்கிற பிள்ளை இருந்தால் இங்கே அனுப்புங்கள். எட்டாம் வகுப்பில் சேர்ப்பதுதான் நல்லது, பத்தாம் வகுப்பு அரைப் பரீட்சைக்குப் பிறகு கொண்டுபோய் விட்டுவிட்டு அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மூன்றாம் தாளை ஒழுங்காக முடித்தால் மீதி ஒன்றையும் போட்டுவிடுவேன்.

மாடியில் இடம் சின்னது, ஜூன் மாதம் பள்ளி திறந்ததுமே போய்க் கேட்டுவிடுங்கள். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். தாத்தா பாட்டி கூட வந்தால் கீழே திண்ணையில் உட்காரலாம். கோயம்புத்தூர் பஸ்ஸில் வேலந்தாவளம் வழியாக வருகிறவர்கள் நாலு மணிக்கு வகுப்பு முடிந்ததும் பிள்ளையை உடனே கிளப்புங்கள், அப்போது வரும் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நிற்க வேண்டிவரும்.